மாரத்தானில் உச்ச வயது என்று ஒன்று உண்டா? தம்பிக்காகக் கேட்கிறேன்

பொள்ளாச்சிக்காரன்:

என் தம்பிக்கு 22 வயது. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து 5,000 மீட்டரும் 10,000 மீட்டரும் ஓடுகிறான், பல்கலைக்கழகப் போட்டிகளில் மெடலும் வாங்கியிருக்கிறான். இப்போது ட்ராக் போதும், நேராக மாரத்தானுக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். காரணம் கென்யாவின் கெல்வின் கிப்டம். 2023 அக்டோபரில் சிகாகோவில் அவர் 2:00:35 ஓடியபோது வயது வெறும் 23. இவனுடைய கோச் அதற்கு நேர் எதிர். மாரத்தான் முப்பதை ஒட்டி ஓட வேண்டியது, 27, 28 வரைக்கும் அந்தப் பக்கமே போகாதே என்கிறார். அவர் காட்டுவது எலியுட் கிப்சோகேவை. 2022 பெர்லினில் 2:01:09, அப்போது கிப்சோகேவுக்கு வயது 37.

இரண்டுமே ஓடிய நாளில் உலக சாதனை. நேரத்தில் வித்தியாசம் 34 வினாடி, வயதில் வித்தியாசம் 14 வருடம். எதை நம்புவது என்றே புரியவில்லை. அனுபவம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது மேல்மட்ட மாரத்தானில் உண்மையிலேயே எவ்வளவு வேலை செய்கிறது? வயது ஏற ஏற எதை இழக்கிறோம், எது கூடுகிறது? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். வீட்டில் தினமும் இதே சண்டைதான்.

பழைய ஸ்டாப்வாட்ச்:

தம்பி, முதலில் ஒலிம்பிக் ஆண்கள் மாரத்தானில் தங்கம் வாங்கியவர்களின் வயதை மட்டும் வரிசையாகப் பார்ப்போம். 1984-ல் கார்லோஸ் லோப்பஸ் 37. 1988-ல் ஜெலிண்டோ போர்டின் 29. அதற்கடுத்த மூன்று பேர் 22, 25, 22. 2004 ஏதென்ஸில் ஸ்டெஃபானோ பால்டினி 33. 2008 பெய்ஜிங்கில் சாமி வன்ஜிரு 21. 2012-ல் ஸ்டீபன் கிப்ரோட்டிச் 23. அப்புறம் கிப்சோகே இரண்டு முறை, 31-லும் 36-லும். 2024 பாரிஸில் தமிராட் தோலா 32, 33-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு. சராசரி போட்டால் 28 வரும், ஆனால் இந்தப் பதினொரு வெற்றிகளில் ஒன்றுகூட 28 வயதில் வந்ததில்லை. சராசரியை வைத்து ஒரு பையனுக்கு முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

லோப்பஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவம் என்ற சொல்லை நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குக் காட்டியது அவர்தான். 1976 மாண்ட்ரியலில் 10,000 மீட்டரில் லாஸ்ஸே விரேனிடம் தோற்று வெள்ளி. அதே வருடம் உலக கிராஸ் கன்ட்ரி (ட்ராக் இல்லாமல் புல்வெளியிலும் மேடுபள்ளத்திலும் ஓடுவது) சாம்பியன். நடுவில் காயங்களால் சில வருடங்கள் போயின. 1982-ல் நியூயார்க்கில் முதல் மாரத்தான், முடிக்கவில்லை. 1983-ல் ராட்டர்டாமில் 2:08:39 ஓடி ஆஸ்திரேலியாவின் டி கஸ்டெல்லாவிடம் இரண்டே வினாடியில் தோற்றார். 1984-ல் மறுபடி ராட்டர்டாம், மறுபடியும் பாதியில் விலகினார். ஆக லாஸ் ஏஞ்சலஸ் வந்து நின்றபோது அவர் முழுதாக ஓடி முடித்த மாரத்தான் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் முன்பு பயிற்சியில் கார் வேறு மோதிவிட்டது. அந்த நிலையில் வந்து, ஆகஸ்ட் வெயிலில், கடைசி ஐந்து கிலோமீட்டரில் எல்லோரையும் உதறிவிட்டு 2:09:21-ல் தங்கம். அந்த ஒலிம்பிக் சாதனை 2008 வரைக்கும் நின்றது. மறு வருடம் 38 வயதில் ராட்டர்டாமில் 2:07:12, உலக சாதனை.

அந்த ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய அயர்லாந்துக்காரர் ஜான் ட்ரேசிக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் மாரத்தான். மாரத்தானிலேயே பேர் எடுத்த டி கஸ்டெல்லா ஐந்தாவது, சலசார் பதினைந்தாவது. லோப்பஸும் சரி, ட்ரேசியும் சரி, அதற்கு முன்பே உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்கள். அவர்கள் சேர்த்து வைத்திருந்தது மாரத்தான் அனுபவம் இல்லை, வருடக்கணக்கான ஓட்டம்.

மருந்தாளுநர்_ஓடுகிறார்:

மேலே சொன்னது சரி. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

மாரத்தான் வேகத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜன் பயன்படுத்த முடியும் என்பது ஒன்று (விஓ2 மேக்ஸ்). அதில் எவ்வளவு பங்கை இரண்டு மணி நேரம் தளராமல் பிடித்துவைக்க முடியும் என்பது இரண்டாவது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓட எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்பது மூன்றாவது, அதைத்தான் ரன்னிங் எகானமி என்கிறோம். வண்டி பாஷையில் சொன்னால் முதலாவது என்ஜின் அளவு, மூன்றாவது மைலேஜ்.

என்ஜின் முப்பதுக்கு மேல் மெல்லச் சுருங்கத்தான் செய்யும். இதயத்தின் அதிகபட்சத் துடிப்பு வருடம் போகப் போகக் குறையும், எவ்வளவு பயிற்சி செய்தாலும் அதைத் தடுக்க முடியாது. ஆனால் பயிற்சியை விடாமல் தொடர்பவர்களுக்கு விஓ2 மேக்ஸ் சரிவது மற்றவர்களைவிட ரொம்ப மெதுவாக நடக்கும். மைலேஜ் கதையே வேறு. அது பல வருடங்கள் கூடிக்கொண்டே போகலாம். இதற்கு எனக்குத் தெரிந்த அழகான சான்று பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்க்ளிஃப். ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற உடலியல் விஞ்ஞானி அவரை 1992-லிருந்து 2003 வரை தொடர்ந்து சோதித்தார். பதின்வயதிலேயே பவுலாவின் விஓ2 மேக்ஸ் 70 பக்கம், பத்து வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே 70. என்ஜின் வளரவே இல்லை. ஆனால் ஒரே வேகத்தில் ஓட ஆகும் ஆக்ஸிஜன் செலவு ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்துவிட்டது. 2003 லண்டனில் 29 வயதில் அவர் ஓடிய 2:15:25-க்குப் பின்னால் இருப்பது அந்தப் பதினைந்து சதவீதம்தான். குறுக்குவழி எதுவும் இல்லை, பதினோரு வருடம் ஓடினார்.

அதனால் கோச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் எண்ண வேண்டியது பிறந்த வருடத்திலிருந்து இல்லை, தம்பி கடும்பயிற்சி தொடங்கிய வருடத்திலிருந்து. அவன் எத்தனை வயதில் முறையாக ஓட ஆரம்பித்தான், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறான்? அதைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

தென்காசி எக்ஸ்பிரஸ்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ட்ராக்கில் பத்து வருடம் ஓடி முடித்துவிட்டு மாரத்தானுக்கு வருவது என்பது ஒரு காலத்து வழக்கம், உடம்பின் சட்டம் இல்லை. கிப்சோகே 18 வயதில் பாரிஸில் எல் கெரூஜையும் பெக்கெலேயையும் 5,000 மீட்டரில் தோற்கடித்த உலக சாம்பியன். 2012-ல் லண்டன் ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காமல் போனதால்தான் சாலைக்கு வந்தார், 2013 ஹாம்பர்க்கில் முதல் மாரத்தான், அப்போது 28. அணியில் இடம் கிடைத்திருந்தால் இன்னும் தாமதமாகக்கூட வந்திருப்பார். இதில் உடலியல் எங்கே இருக்கிறது? கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் இன்றைய பையன்களுக்கு சாலை ஓட்டத்தில்தான் வருமானம், அதனால் நேராக அங்கே போகிறார்கள். 2014 துபாயில் ட்செகாயே மெக்கோன்னன் 18 வயதில் 2:04:32 ஓடி ஜெயித்தார்!

ஆனால் நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். மெக்கோன்னன் அதற்கப்புறம் அந்த நேரத்தைத் தாண்டவில்லை. கிப்டமின் கோச்சே வெளிப்படையாகச் சொன்ன விஷயம், அந்தப் பையன் வாரத்துக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறான், இப்படியே போனால் ஐந்து வருடத்தில் உடம்பு உடைந்துவிடும் என்று பயப்படுகிறேன் என்றார். அந்த ஐந்து வருடம் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் கார் விபத்தில் 24 வயதில் போய்விட்டார். மூன்று மாரத்தான், மூன்றும் வெற்றி, மூன்றும் 2:02-க்குள். இன்னமும் அந்த சிகாகோ ஓட்டத்தைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பழைய ஸ்டாப்வாட்ச்:

எக்ஸ்பிரஸ், நீங்கள் சொன்ன பையன்களையே எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தாளுநர் கேட்ட கேள்வியை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிப்டம் திடீரென்று 23 வயதில் மாரத்தானில் குதிக்கவில்லை. 19 வயதிலேயே அரை மாரத்தானை ஒரு மணி நேரத்துக்குள் ஓடினார், 2020 வலென்சியாவில் 58:42. அந்த அடித்தளத்தின் மேல்தான் 2022 வலென்சியா முதல் மாரத்தான் 2:01:53. வன்ஜிரு 15 வயதில் கென்யாவிலிருந்து ஜப்பானுக்குப் போய், பள்ளி அணிக்காகவும் கம்பெனி அணிக்காகவும் எகிடென் தொடரோட்டம் ஓடி வளர்ந்தவர். அவரைப் பயிற்றுவித்த மோரிஷிட்டா 1992 ஒலிம்பிக் மாரத்தானில் வெள்ளி வாங்கியவர். 18 வயதில் அரை மாரத்தான் உலக சாதனை. பெய்ஜிங்கில் நின்றபோது பாஸ்போர்ட்டில் 21, ஆனால் கால்களில் ஆறேழு வருடக் கடும்பயிற்சி இருந்தது.

காலை 4.30:

எல்லோரும் ஆண்களையே பேசுகிறீர்கள். 2008 பெய்ஜிங்கில் பெண்கள் மாரத்தானை ஜெயித்த ருமேனியாவின் கான்ஸ்டான்டினா டிட்டாவுக்கு 38 வயது. ஏதென்ஸில் அவர் இருபதாவது வந்தவர். பெய்ஜிங்கில் ஏறக்குறைய பாதித் தொலைவில் தனியாகப் பிரிந்து முன்னால் போனார், பின்னால் இருந்த கூட்டம் இவர் எப்படியும் களைத்து விழுவார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தது. அவர்கள் விழித்துக்கொண்டபோது நேரம் போய்விட்டது. 2:26:44. இரண்டாவதாக வந்த கேத்தரின் டெரெபாவுக்கு 36 வயது, 22 வினாடி பின்னால். அன்று டிட்டா மற்றவர்களைவிட அதிக பலத்தோடு ஓடினார் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த நிமிடத்தில் போனால் யாரும் துரத்த மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 22 வயதில் எனக்கு அந்த நிதானம் இருந்திருக்காது, யாராவது முன்னால் போனால் கால் தானாகவே துரத்தும்.

இன்னொருவர் ஆஸ்திரேலியாவுக்காக ஓடும் சினேட் டைவர். முறையாக ஓட ஆரம்பித்ததே முப்பதுக்கு மேல், பிள்ளை பெற்ற பிறகு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 44 வயதில் பத்தாவது இடம். 2022 வலென்சியாவில் 45 வயதில் 2:21:34. தாமதமாக ஆரம்பித்தவருக்கு உச்சமும் தாமதமாக வந்திருக்கிறது, நீங்கள் சொல்லும் பயிற்சி வருடக் கணக்குக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. 2017-க்குப் பிறகு வந்த கார்பன் தகடு ஷூக்கள் எல்லா நேரத்தையும் கீழே இறக்கிவிட்டன, கால் தசைகளுக்கு அடியும் குறைகிறது என்கிறார்கள். அதனால் பெக்கெலே 37 வயதில் பெர்லினில் 2:01:41 ஓடியதையும், 41 வயதில் லண்டனில் 2:04:15 ஓடியதையும் பழைய காலத்து நாற்பது வயதுக்காரர்களோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. லோப்பஸ் அந்த 2:07:12-ஐ ஓடியது 1985-ல் கிடைத்த மெல்லிய ஷூவில்.

பொள்ளாச்சிக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கேட்டதற்குப் பதில்: தம்பி 18 வயதில்தான் முறையாக ஆரம்பித்தான், அதற்கு முன்னால் பள்ளியில் கபடி. இப்போது வாரத்துக்கு 90 கிலோமீட்டர் பக்கம். கணுக்காலுக்கு மேல் பின்னால் இருக்கும் நரம்பில் போன வருடம் வலி வந்து இரண்டு மாதம் நிறுத்தினான். 10,000 மீட்டரில் ஒவ்வொரு சீசனும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் நிற்கவில்லை.

மருந்தாளுநர்_ஓடுகிறார்:

அப்படியானால் அவனுடைய ஓட்ட வயது நாலு. அது நரம்பு இல்லை, குதிகால் தசைநாண். நுரையீரலும் இதயமும் சில மாதங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும், தசைநாணும் எலும்பும் ரொம்ப மெதுவாகத்தான் பலமாகும். இளம் ஓட்டக்காரர்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான், மூச்சு தாங்கும், கால் தாங்காது. 90-லிருந்து மாரத்தான் பயிற்சி என்று சொல்லி ஒரே சீசனில் 160-க்குத் தூக்கினால் அந்த வலி திரும்ப வரும். 10,000-ல் நேரம் இன்னும் குறைகிறது என்றால் அதை ஏன் இப்போது விட வேண்டும்? அந்த வேகம் பிற்பாடு மாரத்தானுக்குத்தான் போகும்.

தென்காசி எக்ஸ்பிரஸ்:

நாலு வருடம், அதிலும் காயம் என்றால் நானும் காத்திருக்கத்தான் சொல்வேன். ஆனால் 28 வரை என்று தேதி குறிக்காதீர்கள், பையனுக்கு ஆசை செத்துவிடும். நம் நாட்டு ஷிவ்நாத் சிங்கையே பாருங்கள், 1976 மாண்ட்ரியலில் பதினோராவது வந்தபோது அப்போதுதான் முப்பதை எட்டியிருந்தார், 2:12:00 ஓடியது 1978-ல், முப்பதைத் தாண்டி. அந்த தேசிய சாதனை நாற்பது வருடத்துக்கு மேல் நின்றது. அவரும் ட்ராக்கிலிருந்து வந்தவர்தான். தம்பிக்கு இரண்டு சீசன் அரை மாரத்தான் கொடுங்கள், தேசிய அளவுப் போட்டிகளில் நல்ல கூட்டத்தோடு ஓடட்டும்.

காலை 4.30:

மேல் எல்லையையும் அவனுக்குச் சொல்லுங்கள். கிப்சோகே 2023 பாஸ்டனில் மேடுகளில் ஆறாவது இடத்துக்குப் போனார், அதே வருடம் சமதளமான பெர்லினில் 2:02:42 ஓடி ஜெயித்தார். அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில், அதுவும் மேடான பாதைதான், 39 வயதில் முப்பது கிலோமீட்டர் தாண்டி நின்றுவிட்டு ஷூவையும் சட்டையையும் ரசிகர்களிடம் கொடுத்தார். வயது முதலில் பறிப்பது மேட்டில் திடீரென்று வேகம் கூட்டும் பலத்தைத்தான் என்பது என் எண்ணம், சீரான வேகம் கடைசிவரை கூட வரும்.

பொள்ளாச்சிக்காரன்:

நேற்று இரவு இதையெல்லாம் அவனையே உட்கார்ந்து படிக்க வைத்தேன். வன்ஜிரு 15 வயதில் ஜப்பான் போனது அவனுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, இந்த வருடம் அரை மாரத்தான், கோச்சிடம் நீயே பேசு என்றான். நாளைக் காலை மைதானத்துக்குப் போகிறேன். தசைநாணுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று மருந்தாளுநர் தனியாக ஒரு பதிவு போட்டால் உதவியாக இருக்கும்.