அப்பாரு மிஷின் என்ன மாடல்?

குழு: பெரிய வீட்டு உறவுகள்

— சனிக்கிழமை —

கார்த்தி: [5 படங்கள்]

கார்த்தி: கோத்தகிரி வீட்டுப் பரண்ல இருந்து இறக்குனது, அப்பாருவோட மரம் அறுக்கிற மிஷின். ஸ்டார்ட்டர் மூடியில 090னு ஸ்டிக்கர் இருக்குது. மேட்டுப்பாளையம் கடையில 090 பிஸ்டன் செட் வரவழைச்சுத் தர்றோம்னு அட்வான்ஸ் கேக்கறாங்க. குடுத்துடலாங்களா?

பழனிச்சாமி மாமா: குடுக்காத கண்ணு. ஸ்டார்ட்டர் மூடி ஸ்க்ரூவைக் கழட்டுனா கையோட வந்துடும். ஸ்டில் கம்பெனியோட 070, 090 ரெண்டு மாடலுக்கும் உடம்பு ஒண்ணுதான். ஒண்ணோட மூடி உடைஞ்சா இன்னொண்ணோடதை மாட்டி ஓட்டுவாங்க. ஸ்டிக்கர் மூடியைப் பத்தித்தான் சொல்லும், உள்ள இருக்கிற சிலிண்டரைப் பத்திச் சொல்லாது.

சுமதி அத்தை: ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்? பாக்க ஒரே மாதிரிதான இருக்குது.

பழனிச்சாமி மாமா: வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா. 070ல பிஸ்டன் 58 மி.மீ., 090ல 66 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல கீழ போற தூரம், ரெண்டுக்கும் 40தான். அதனால 070 வந்து 106 சி.சி., 090 வந்து 137 சி.சி. 66 மி.மீ. பிஸ்டனை வாங்கிட்டு வந்து 58 சிலிண்டர்ல எங்க போய் நுழைக்கிறது?

ரவி அண்ணா: பாரையும் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) செயினையும் வெச்சும் முடிவு பண்ணிடாத கார்த்தி. அதெல்லாம் தேய்ஞ்சா மாத்துற சாமான். ஆனா செயினை அளந்து வை, வாங்கறப்ப தேவைப்படும். அடுத்தடுத்த மூணு ரிவெட்ல முதல் ரிவெட் நடுவுல இருந்து மூணாவது நடு வரைக்கும் அளந்து பாதியாக்கு. அந்தப் பாதிதான் பிட்ச். 10.26 மி.மீ. வந்தா 404 (0.404 இன்ச்), 9.5 வந்தா 3/8 இன்ச், 8.25 வந்தா 325 (0.325 இன்ச்). அப்பறம் பார் பள்ளத்துக்குள்ள ஓடுற பல்லோட தடிமன். பெரிய மிஷின்ல 1.6 இருக்கணும்.

கார்த்தி: மூணு ரிவெட்டுக்கு 20.5 வருதுங்கண்ணா. பல்லு 1.6.

ரவி அண்ணா: அப்ப 404. சாணை பிடிக்க 5.5 மி.மீ. உருண்டை அரம் வாங்கிக்க. 3/8 செயினுக்கான 5.2 அரத்தைப் போட்டா பல்லோட வளைவு கெட்டுடும்.

செந்தில்: கிரான்க்கேஸ்ல (என்ஜினோட அடிக்கூடு) வார்ப்பு நம்பர் பாத்தியா? நாலு இலக்கத்துல ஆரம்பிக்கும். ஸ்டில்ல அந்த முதல் நாலு இலக்கம்தான் குடும்பப் பேரு. 1106னா 070, 090 குடும்பம். 1108னா 08 எஸ். 1110னா 041. 1111னா 051.

கார்த்தி: எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியா ஒட்டிக்கிடக்கு, ஒண்ணும் தெரியல. கம்பி பிரஷ் போடட்டுமா?

பழனிச்சாமி மாமா: வேண்டவே வேண்டாம். வார்ப்பு மெக்னீசியம், மெத்து. கம்பி பிரஷ், எமரித்தாள் ரெண்டும் எழுத்தைத் தின்னுடும். டீசல்ல நனைச்சு ஒரு மணி நேரம் ஊறவிட்டு பல்பிரஷ்ல தேய். காஞ்சதும் சாக்பீஸைப் பொடி பண்ணி மேல தடவித் துணியில லேசாத் தொடைச்சுவிடு. டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சு போட்டோ எடு. நேருக்கு நேர் அடிச்சா எழுத்து தெரியாது.

செந்தில்: இன்னொண்ணு. ஒரே ஒரு சாமான்ல இருக்கிற நம்பரைப் பாத்து முடிவுக்கு வராத. அந்தச் சாமான் எந்த மாடலுக்காக முதல்ல வந்துச்சோ அந்த நம்பர்தான் அதுல இருக்கும், பின்னால வந்த மாடலும் அதே சாமானைக் கடன் வாங்கிக்கும். கிரான்க்கேஸ், ஸ்டார்ட்டர் பக்கம், கிளட்ச் பக்கம்னு மூணு இடத்துல பாரு.

கார்த்தி: [3 படங்கள்] கிரான்க்கேஸ்ல 1106, கிளட்ச் மூடியிலயும் 1106. ஸ்டார்ட்டர் மூடியிலயும் அதேதான்.

செந்தில்: அப்ப குடும்பம் முடிவாச்சு. ஆனா 070, 090 மட்டுமில்ல, 1959ல வந்த காண்ட்ராங்கிற ஸ்டில் மாடலும் இதே 1106ல வரும். காண்ட்ரா, 070 ரெண்டுக்குமே 58க்கு 40. அதனால உள்ள அளக்காம பணம் கட்டாத.

சுமதி அத்தை: சீரியல் நம்பர்ல வருஷம் தெரியாதா?

செந்தில்: பழைய ஹஸ்க்வர்னா கம்பெனி மிஷின்ல தெரியுங்க அத்தை. 7 இலக்க நம்பர்ல முதல் இலக்கம் வருஷக் கடைசி எண், அடுத்த ரெண்டு வாரம். ஸ்டில்ல அப்படிப் படிக்க முடியாது. நம்பரைக் குடுத்தா டீலர்தான் பதிவுல தேடிச் சொல்லணும். 9 இலக்கமா இருந்து 1ல ஆரம்பிச்சா ஜெர்மனியில செஞ்சதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கலாம்.

ரவி அண்ணா: காப்பி மிஷினா இருந்தா? 070 மாதிரியே சைனா மிஷின் நெறைய ஓடுது.

பழனிச்சாமி மாமா: சிலிண்டரைக் கழட்டுனா தெரிஞ்சுடும். ஒரிஜினல் சிலிண்டர் அடியிலயோ பிஸ்டன் உள்பக்கமோ மாலேன்னு இல்ல கே.எஸ்.னு பிஸ்டன் கம்பெனி முத்திரை இருக்கும். காப்பியில வார்ப்பு நம்பரே இருக்காது, இருந்தாலும் மொத்தையா இருக்கும்.

கார்த்தி: சிலிண்டரைக் கழட்டாம அளக்க முடியாதுங்களா?

செந்தில்: பிளக் ஓட்டை வழியா ஸ்ட்ரோக்கை மட்டும்தான் அளக்கலாம். அது 070க்கும் 090க்கும் ஒண்ணுதான், அளந்து பிரயோசனம் இல்ல. அதோட ஓட்டை 20 டிகிரி சாய்ஞ்சிருந்தா 40 மி.மீ. வர வேண்டியது 42.6னு காட்டும். அதை நம்பி வேற மாடல்னு அலைய வேண்டியதுதான்.

பழனிச்சாமி மாமா: கயிறை இழுக்கறதுக்கு முன்னால பிளக்கைக் கழட்டி ஒரு ஸ்பூன் 2டி ஆயில் (பெட்ரோல்ல கலக்கிற டூ-ஸ்ட்ரோக் ஆயில்) ஊத்தி ராத்திரி முழுக்க விடு. காஞ்ச ரிங்கோட இழுத்தா சிலிண்டர் கீறிடும். நாளைக்கு சைலன்சரைக் கழட்டி ஓட்டை வழியா பிஸ்டனைப் பாரு, அப்பறம் சிலிண்டர்.

— ஞாயிற்றுக்கிழமை —

கார்த்தி: [4 படங்கள்] சைலன்சர் பக்கம் பிஸ்டன்ல நேர்கோடா நாலஞ்சு கீறல். கார்புரேட்டர் பக்கம் சுத்தமா இருக்கு. வெர்னியர்ல பிஸ்டன் பாவாடை (அடிப்பகுதி) 57.9. சிலிண்டர் அடியில மாலே.

பழனிச்சாமி மாமா: 58 பிஸ்டன்தான். உடம்பு 1106, போர் (சிலிண்டரோட உள்விட்டம்) 58, சிலிண்டர் ஒரிஜினல். மூடி மட்டும் எங்கிருந்தோ வந்திருக்கு. காண்ட்ராவா இருந்தாலும் பிஸ்டன் அளவு ஒண்ணுதான், 070னு எடுத்துக்க. 0.1 குறைவா வர்றது சரிதான், பிஸ்டன் எப்பவும் போரைவிடக் கொஞ்சம் சின்னதா இருக்கணும்.

ரவி அண்ணா: கீறல் எந்தப் பக்கம்னு பாத்தா காரணம் தெரிஞ்சுடும். சைலன்சர் பக்கம் மட்டும்னா ஆயில் குறைஞ்சோ காத்து அதிகமாப் போயோ சூடாகிப் பிடிச்சிருக்கு. கார்புரேட்டர் பக்கம்னா ஃபில்டர் வழியா தூசி போயிருக்கும்.

பழனிச்சாமி மாமா: இங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. புது பிஸ்டன் போட்டுட்டு கிரான்க் ரெண்டு பக்க ஆயில் சீலையும் பழசா விட்டுடுவாங்க. பரண்ல கிடந்த சீல் கல்லாட்டம் இறுகியிருக்கும். அது வழியா காத்து உள்ள இழுக்கும், பெட்ரோல் குறையும், பெட்ரோலோட வர்ற ஆயிலும் குறையும். புது பிஸ்டனும் அதே பக்கம் பிடிச்சுக்கும். ஐடில்ல தானா வேகம் ஏறி இறங்குனா சீலைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

கார்த்தி: சிலிண்டர்ல இருக்கிற கீறலுக்கு பைக் ஒர்க்‌ஷாப்ல போர் போட்டுக்கலாங்களா, உள்பக்கத்தைக் கடைஞ்சு பெருசாக்கி?

செந்தில்: கூடவே கூடாது. இது வார்ப்பிரும்பு இல்ல, அலுமினியத்து மேல குரோம் பூசுனது. போர் போட்டா குரோம் போயிடும். நகத்தால தடவிப் பாரு. மேடா தட்டுப்பட்டா பிஸ்டன் அலுமினியம் ஒட்டியிருக்கு, அதை எடுத்துடலாம். பள்ளமாவோ செதில் உரிஞ்ச மாதிரியோ இருந்தா சிலிண்டரையும் சேத்து மாத்தணும்.

கார்த்தி: மேடாத்தான் இருக்குங்க. பிஸ்டன் தலையில ஒரு அம்பு போட்டிருக்கு.

பழனிச்சாமி மாமா: அம்பு சைலன்சர் பக்கம் பாக்கணும். திருப்பிப் போட்டா ரிங் முனை ஓட்டையில மாட்டி உடைஞ்சுடும்.

ரவி அண்ணா: கார்புரேட்டர்ல டில்லாட்சன்னு கம்பெனிப் பேரு இருக்கா? பக்கத்துல ஹெச்.எல். மாதிரி எழுத்தும் நம்பரும் குத்தியிருக்கும். டயாப்ரம் கிட்டுக்கு (கார்புரேட்டருக்குள்ள இருக்கிற ரப்பர் தகடு செட்) அதைச் சொல்லு, மிஷின் மாடலைச் சொன்னாப் போதாது. இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் டியூப் ஊறி இத்துப் போகும். டியூப், டேங்க் ஃபில்டர், கிட் மூணும் புதுசு போட்டுடு. வேலை முடிஞ்சதும் டேங்க்ல பெட்ரோலை விட்டு வைக்காத.

கார்த்தி: கலவை எவ்வளவுங்கண்ணா?

பழனிச்சாமி மாமா: சாதா 2டி ஆயில்னா 25க்கு 1. லிட்டருக்கு 40 மில்லி, 5 லிட்டருக்கு 200. கம்பெனி ஆயில்னா டப்பாவுல போட்டபடி 50க்கு 1, 5 லிட்டருக்கு 100. பிளக் இடைவெளி 0.5 மி.மீ. மேக்னட்டுக்குள்ள பாயிண்ட் செட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடுற முனை) இருந்தா முனையைச் சுத்தம் பண்ணி இடைவெளி 0.35ல இருந்து 0.4க்குள்ள வை. தீப்பொறி வரலைன்னதும் காயிலை மாத்தப் போகாத, பாதி நேரம் அழுக்குப் பாயிண்ட்தான்.

சுமதி அத்தை: சரி பண்ணி எதை அறுக்கப் போற? அதுல பிரேக் இருக்குதா?

ரவி அண்ணா: இல்லைங்க அத்தை. செயின் பிரேக் இல்ல, கைப்பிடிக்கு ரப்பர் தாங்கலும் இல்ல. பார் இல்லாமலே 10 கிலோவுக்கு மேல வரும். பார் முனையோட மேல்பகுதி மரத்துல பட்டா மிஷின் மூஞ்சிக்குத் திரும்பும், நிறுத்த ஒண்ணும் கிடையாது. அதிர்வுல விரல் மரத்துப் போகும். விழுந்து கிடக்கிற பெரிய தடியை அறுக்க நல்ல மிஷின். நின்ன மரத்துக்கும் ஏணி மேலயும் வேண்டாம்.

செந்தில்: நின்ன மரம்னா முதல்ல அனுமதி வாங்கணும். 1955ல வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நம்ம பட்டா நிலத்துக்கும் பொருந்தும்.

கார்த்தி: சரிங்க. கடைக்கு இப்படி எழுதி அனுப்பட்டுங்களா? "ஸ்டில் 070, குடும்பம் 1106, பிஸ்டன் 58 மி.மீ. ரிங், பின், லாக்கோட. கிரான்க் ஆயில் சீல் ரெண்டு. சிலிண்டர் பேக்கிங், சைலன்சர் பேக்கிங். பெட்ரோல் டியூப், டேங்க் ஃபில்டர்."

பழனிச்சாமி மாமா: பழைய பிஸ்டன் போட்டோவும் சேத்து அனுப்பு. பின் விட்டம், ரிங் தடிமன், பின் நடுவுல இருந்து பிஸ்டன் தலை வரைக்கும் உயரம், மூணையும் அளந்து எழுது. காப்பி சாமான்ல அந்த உயரம் மாறும். அதிகமா இருந்தா தலை இடிக்கும், குறைஞ்சா கம்ப்ரெஷன் வராது.

கார்த்தி: அந்த 090 ஸ்டிக்கரை உரிச்சுடட்டுமா?

பழனிச்சாமி மாமா: உரிக்க வேண்டாம், உள்பக்கம் பெயின்ட்ல 070, 58 மி.மீ.னு எழுதி வை. அடுத்துக் கழட்டுறவன் பாத்துக்கட்டும்.