புதுப்பிப்பு: கைபேசி வழியாகக் கரையும் சிறு செலவுகள் – எது பலன் தந்தது?

கைபேசியில் நினைத்தவுடன் வாங்கிவிடும் பழக்கத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. நடந்தது இதுதான்.

முதலில் ஒவ்வொரு செலவையும் எழுதிவைத்தேன். பணம் எங்கே போகிறது என்று தெரிந்தது, போவது நிற்கவில்லை. பலன் தந்தது, செயலிகளில் சேமித்திருந்த அட்டை விவரங்களை நீக்கச் சொன்னவரின் யோசனை. இப்போது எதை வாங்கவும் எழுந்துபோய்ப் பணப்பையை எடுத்து, 16 இலக்க எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து 3 இலக்கம் என்று எல்லாவற்றையும் தட்ட வேண்டும். பாதி ஆசை அதற்குள் வடிந்துவிடுகிறது. இதை மனவுறுதி என்று சொல்ல மாட்டேன், சுத்தச் சோம்பல்தான். வேலை நடந்தால் சரி.

'24 மணி நேரம் பொறுத்து வாங்குங்கள்' என்ற யோசனையில் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. பொருளைச் செயலியின் கூடையில் போட்டுவிட்டுக் காத்திருந்தால், நினைவூட்டலும் கூடவே தள்ளுபடியும் வந்து நிற்கின்றன. ஆறப்போட்ட ஆசையை அவர்களே ஊதிவிடுகிறார்கள்! அறிவிப்புகளை அணைத்துவிட்டுப் பட்டியலைக் காகிதத்துக்கு மாற்றினேன். மறுநாள் பார்த்தால், சிலவற்றை எதற்காக எழுதினேன் என்பதே நினைவில் இல்லை.

சேமிப்புக்குத் தனிக் கணக்கு என்ற யோசனையை இன்னும் தொடங்கவில்லை.

பின்னால் தேடி வருபவர்களுக்கு: அட்டையை நீக்கும் முன், அதிலிருந்து தானாகக் கட்டப்படும் சந்தாக்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தேவையான ஒன்று நின்றுபோனது. மறந்தே போயிருந்த வேறு சிலவும் அப்போதுதான் கண்ணில் பட்டன. அவற்றை ரத்து செய்துவிட்டேன்.