மச்சுப் பலகையைப் பெயர்த்த பின் மேலே எதைப் பரப்புவது?

பழையபேட்டைவாசி:
கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் தாத்தா காலத்து மச்சு வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி மேலறையின் பலகைத் தளத்தைக் கரையான் அரித்துவிட்டதால், ஓர் அங்குலப் பலகைகள் அனைத்தையும் பெயர்த்துவிட்டோம். அடியில் ஐந்து சட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி ஓரிடத்தில் 20 அங்குலம், வேறோரிடத்தில் 27 அங்குலம். கல் உள்ளூரிலேயே கிடைப்பதால், சட்டங்களின் மேல் தகடு அடித்து, சிமெண்டு கலவை போட்டு, கிரானைட் பதித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

தருமபுரி தச்சர்:
வேண்டாம் ஐயா. 18 மில்லிமீட்டர் கிரானைட்டும் இரண்டு அங்குலக் கலவையும் சேர்ந்தால் சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. உங்கள் அறைக்கு ஒன்றரை டன்னைத் தாண்டும். பலகையை மட்டுமே சுமந்து பழகிய சட்டங்கள் அவை. முதலில் சுவருக்குள் புகும் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி இரும்புபோல் உறுதியாக இருந்தாலும் ஈரம் ஏறும் முனைதான் முதலில் உளுத்துப்போகும்.

பழையபேட்டைவாசி:
குத்திப் பார்த்தேன். தெற்குச் சுவரையொட்டி இரண்டு முனைகளில் ஸ்க்ரூடிரைவர் மூன்று அங்குலம் இறங்கியது, மாவுபோல் உதிர்கிறது.

தருமபுரி தச்சர்:
கீழே முட்டுக் கொடுத்த பிறகே கை வையுங்கள். உளுத்த அந்த இரண்டு சட்டங்களின் பக்கத்திலும் அதே உயரமுள்ள புதுச் சட்டத்தை முழு நீளத்துக்கும் சேர்த்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பாதியில் ஒட்டுப் போட்டால் பாரம் மீண்டும் உளுத்த முனையிலேயே விழும். புதுச் சட்டம் இருபுறமும் சுவருக்குள் நான்கு அங்குலமாவது அமரட்டும். 27 அங்குல இடைவெளியில் கூடுதலாக ஒரு சட்டம் வேண்டும். கரையானின் மண் தடம் சுவரில் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டு மருந்து அடிக்காமல் எதையும் மூடாதீர்கள். (பலரும் அவசரப்பட்டு மூடிவிட்டு, ஈராண்டில் என்னையே மறுபடி அழைக்கிறார்கள்.)

கட்டடப் பொறியாளர்:
மேலே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக்குறி) 19 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். அறை முழுவதற்கும் எடை சுமார் 150 கிலோதான் வரும். தாளின் நீளவாக்கு சட்டங்களுக்குக் குறுக்காக ஓட வேண்டும். உங்கள் இடைவெளி சீராக இல்லாததால், ஒவ்வொரு தாளின் முனையும் ஏதேனும் ஒரு சட்டத்தின் நடுவில் விழும்படி அளந்து அறுக்க வேண்டியிருக்கும். நீள விளிம்புகளுக்கு அடியில் குறுக்குக் கட்டை கொடுங்கள். தாள்களுக்கிடையே 3 மில்லிமீட்டரும் சுவரோரம் 10 மில்லிமீட்டரும் விடுங்கள். ஆணியைத் தவிர்த்து ஸ்க்ரூவே போடுங்கள். ஆணி நாளடைவில் தளர்ந்து, நடக்கும்போது கிறீச்சிடும்.

பழையபேட்டைவாசி:
பழைய பலகையைவிட இது 6 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்குமே, நிலைப்படியில் இடறாதா?

கட்டடப் பொறியாளர்:
அந்த அளவுக்கு வினைல் விரிப்போ மெல்லிய பலகையோ மேலே வந்தால் மட்டம் சரியாகிவிடும். விரிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் தடிமனைக் கணக்கில் கொண்டு பிளைவுட் வாங்குங்கள்.