கார் பழகும் 15 கிளாஸ் முடிந்துவிட்டது, ட்ரயலுக்கு (ஓட்டப் பரீட்சைக்கு) போகத் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மழைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். வயது 34, கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஒரு லேர்னர்ஸில் (சாரதிப் பயிற்சிப் பள்ளியில்) சேர்ந்து கார் பழகுகிறேன், பெயர் வேண்டாமே. எழுத்துப் பரீட்சை தமிழிலேயே எழுதினேன், 40 கேள்வி, அது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. எல் போட் (பழகுநர் பலகை) மாட்டி மூன்று மாதம் ஓடிய பிறகுதானே ட்ரயல், அதுவும் கடந்துவிட்டது, அடுத்த மாதம் வேரஹெர மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நாள் கிடைத்திருக்கிறது.

பக்கேஜில் இருந்த 15 கிளாஸும் முடிந்துவிட்டது. ஆனால் 15 என்பது வாய்க்கு மட்டும்தான். காலை ஆறரைக்கு வந்து ஏற்றுவார்கள், காருக்குள் ஏற்கெனவே இரண்டு பேர் இருப்பார்கள், என் முறை வந்தால் 20 நிமிடம், அதிலும் ஹேவ்லொக் ரோட் சிக்னலிலேயே பாதி போய்விடும். மற்றவர்கள் ஓடும்போது பின் சீட்டில் இருந்து பார்ப்பதும் கிளாஸ்தானாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் ஸ்டியரிங் பிடித்தது மொத்தமாக ஐந்து மணித்தியாலம்கூட இல்லை.

மாஸ்டரைக் குறை சொல்லவில்லை, ஒரு நாளும் ஏசியது கிடையாது, நான் பதறினால் "ஹெமின், ஹெமின்" (மெதுவாக, மெதுவாக) என்று சிங்களத்தில் ஆறுதலாகச் சொல்லுவார். ரிவேர்ஸ் எடுக்க எந்தக் கம்பம் கண்ணாடியில் தெரியும்போது ஸ்டியரிங்கை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று மனப்பாடமாகவே வைத்துத் தந்துவிட்டார். "அது போதும் நங்கி (தங்கச்சி), பாஸ்" என்கிறார். பாஸ் ஆகலாம்தான். ஆனால் அடுத்த நாளே பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓடுவாயா என்று யாராவது கேட்டால் கை நடுங்கும். இன்னும் எத்தனை கிளாஸ் எடுக்க வேண்டும்? நான் தயார் என்பதை எதை வைத்து அளப்பது?

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அக்கா, முதலில் ட்ரயலை முடியுங்கள். லைசன்ஸ் கையில் வந்த பிறகுதான் இந்த ஊரில் எல்லாரும் ஓடப் பழகுகிறார்கள். நான் லைசன்ஸ் எடுத்து இரண்டாம் நாளே புறக்கோட்டைக்குள் கொண்டுபோய் ஒரு ஓட்டோவின் கண்ணாடியைக் கழற்றினேன், ஒரு வாரத்தில் எல்லாம் சரி வந்துவிட்டது. யோசித்துக்கொண்டிருந்தால் பயம்தான் கூடும்.

பழைய மாஸ்டர்:
தம்பி, அந்த ஓட்டோக்காரரிடம் கேட்டால் கதையை வேறு மாதிரிச் சொல்லுவார்.

தங்கச்சி, நான் ஒன்பது வருடம் லேர்னர்ஸ் காரில் இடது பக்க சீட்டில் இருந்தவன். எத்தனை கிளாஸ் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். உங்கள் மாஸ்டரின் காலைப் பாருங்கள். எங்கள் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளச் இருக்கிறது இல்லையா, பழகுகிற பாதிப் பேருக்குக் காரை நிறுத்தியது தாங்கள் இல்லை, நாங்கள்தான் என்பதே தெரியாது. சந்தியில் கார் மெத்தென்று நிற்கும், பிள்ளை திரும்பிப் பார்த்து "இன்றைக்கு வடிவாக நிறுத்தினேன் சேர்" என்று சிரிக்கும், நானும் தலையாட்டியிருக்கிறேன். அது என் பிழை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், காரில் ஒரு கீறல் விழுந்தால் முதலாளியிடம் நான்தான் பேச்சு வாங்க வேண்டும், அதனால் கால் தானாகப் போய்விடும்.

ஆகவே அடுத்த முறை ஏறியவுடன் சொல்லுங்கள்: "சேர், நீங்கள் பிரேக்கைத் தொட்டால் 'நான்' என்று ஒரு சொல் சொல்லுங்கள்." எத்தனை "நான்" என்று எண்ணுங்கள். ஸ்டியரிங்கில் கை வைத்தாலும் ஒன்று. கடைசியில் வருகிற எண்தான் உங்கள் உண்மையான மார்க்.

அப்புறம் ஒரு கொப்பி வாங்குங்கள். காரோடு செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். புறப்படுவதற்கு முன் கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேலாலும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் எடுப்பது (ராஜகிரிய மேம்பாலத்தில் பின்னேர நெரிசலில் மாட்டினால் தெரியும்), சிக்னல் இல்லாத சந்தியில் வலது பக்கம் திருப்புவது, ஹோல்ட்டில் (பஸ் தரிப்பிடத்தில்) நிற்கிற பஸ் சட்டென்று வெளியே வரும்போது இடம் விடுவது, பாதசாரிக் கடவைக்கு 30 மீற்றர் முன்னாலேயே காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுப்பது, மழை, இரவு. ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று நிலை: மாஸ்டர் சொல்லச் சொல்லச் செய்தேன், ஞாபகப்படுத்தினால் செய்தேன், தானாகச் செய்தேன். தானாக என்பது வேறு வேறு நாளில், வேறு வேறு ரோட்டில் மூன்று தரம் வந்தால்தான் சரி போடுங்கள். ஒரே லேனில் ஐம்பது தரம் செய்தால் அந்த லேன்தான் பழகும், ஓட்டம் பழகாது. அந்தக் கம்பத்துக் கணக்கும் அப்படித்தான், சுப்பர்மார்க்கெட் பார்க்கிங்கில் உங்களுக்காக யார் கம்பம் நட்டு வைப்பார்கள்?

தெஹிவளை மாமி:
மாஸ்டர் சொன்ன கொப்பி முறை சில நாடுகளில் சட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் அடிலெயிட்டில் இருந்து திரும்பி வந்தவர்கள். அங்கே, தென் அவுஸ்திரேலியாவில், என் மகன் பழகும்போது இரண்டு வழி இருந்தது. ஒன்று நம்முடையது போல ஒரே நாளில் ரோட்டில் ஓடிக் காட்டுகிற சோதனை. மற்றது ஒவ்வொரு திறமையாகப் பழகி, ஒவ்வொன்றாகக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, மொத்தம் 30 வேலை. மகன் இரண்டாவதை எடுத்தான். ரவுண்டபவுட் அவனுக்கு வரவே இல்லை, மற்றதெல்லாம் கையெழுத்தாகி அது மட்டும் வெறுமையாக இருந்தது, பிறகு அதை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்தான். ஒரே நாள் சோதனை என்றால் அன்றைக்கு அந்த ரோட்டில் ரவுண்டபவுட் வராமலே தப்பியிருப்பான்.

எந்த வழியில் போனாலும் 75 மணித்தியாலம் ஓடியதாக லொக் புத்தகத்தில் எழுதிக் காட்ட வேண்டும், அதில் 15 இரவில். சிட்னியில் தங்கச்சியின் மகளுக்கு 25 வயது ஆகாததால் 120 மணித்தியாலம், 20 இரவில். முழுக்கப் புகழவும் மாட்டேன். கையெழுத்து வைப்பவர்தான் கிளாஸுக்குக் காசு வாங்குபவரும் என்றால் "இன்னும் இரண்டு கிளாஸ் எடுத்தால் நல்லது" என்று இழுக்கலாம், இல்லை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போடலாம். மகனுக்குச் செலவான காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கடலைக்காரன்:
நான் லண்டனில் எடுத்து, இங்கே வந்து ஓடுகிறேன். அங்கே சோதனை ஏறத்தாழ 40 நிமிடம். சின்னப் பிழை 15 வரை விடுவார்கள், பாரதூரமான பிழை ஒன்றே ஒன்று போதும், பெயில். நான் எடுத்தபோது அதில் ஏறத்தாழ 20 நிமிடம் நாமாகவே ஓட வேண்டியிருந்தது, வழிகாட்டிப் பலகையையோ வழி சொல்லும் சட்நவ் கருவியையோ பார்த்து. பக்கத்தில் இருப்பவர் "இப்போது திருப்பு, இப்போது லேன் மாறு" என்று சொல்ல மாட்டார். நம்மவர்களுக்கு வராதது இதுதான். கை கால் எல்லாம் ஓடும், எப்போது என்பதை மாஸ்டரின் வாய்தான் முடிவு செய்யும்.

ஞாயிறு விடிய, ரோட் வெறுமையாக இருக்கும்போது, மாஸ்டரிடம் "பொரளைக்குப் போ" என்று ஒரு சொல் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். மிச்சம் உங்கள் பாடு. எந்த லேன், எங்கே இன்டிகேட்டர், எங்கே மெதுவாவது, எல்லாம் நீங்கள். வழி பிழைத்தால் குற்றம் இல்லை, வழி பிழைத்த பதற்றத்தில் சட்டென்று லேன் மாறுவதுதான் குற்றம்.

மணித்தியாலக் கணக்கு கேட்டீர்கள். பிரித்தானியாவில் சோதனையை நடத்துபவர்களே சராசரியாகச் சொல்வது மாஸ்டரோடு 45, அதற்கு மேல் வீட்டாரோடு 22. உங்கள் ஐந்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுக் காரில் பழகுவதாக இருந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் முதலில் கேளுங்கள், எல் போட் சாரதிக்கும் அது செல்லுமா என்று. இடித்த பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.

மழைக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. கூடுதலாக ஐந்து கிளாஸ் எடுத்திருக்கிறேன், வேறு ஆட்கள் இல்லாமல் தனியாக, ஒரு மணித்தியாலம்படி. காசு கொஞ்சம் கூடத்தான். இன்று காலை முதலாவது. பிரேக் தொட்டால் சொல்லுங்கள் என்றதும் மாஸ்டர் சிரித்துவிட்டார், ஆனால் சொன்னார். வெள்ளவத்தையில் இருந்து நுகேகொடைக்குப் போய் வந்ததில் 11 தடவை. இரண்டு மூன்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதில் ஏழு பஸ் ஹோல்ட்டுக்குப் பக்கத்தில், எல்லாமே கொப்பியில் எழுதியாயிற்று. ட்ரயல் நாளைத் தள்ளிப் போட யோசிக்கிறேன்.

பழைய மாஸ்டர்:
அவசரப்பட்டுத் தள்ள வேண்டாம், இன்னும் நாலு கிளாஸ் இருக்கிறதே. அடுத்த கிளாஸ் முழுக்க பஸ் ஓடுகிற ரோட்டிலேயே போகச் சொல்லுங்கள். ஹோல்ட்டில் பஸ் நின்றால் அதன் முன் சில்லைப் பாருங்கள், சில்லு வெளிப்பக்கம் திரும்பினால் பஸ் வரப்போகிறது, இன்டிகேட்டர் வருமட்டும் காத்திருக்காதீர்கள். 11 எத்தனையாகக் குறைந்தது என்று வந்து எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
மாஸ்டர், அந்தச் சில்லு விஷயத்தை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லையே!