செடிகளுக்கு வீட்டிலேயே பெயர் அட்டை: மழை வெயிலுக்குத் தாங்குகிற மாதிரி எப்படிச் செய்வது?

மாடித்தோட்டக்காரி (வெள்ளவத்தை):
எல்லோருக்கும் வணக்கம். கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு அடுக்குமாடியின் மொட்டை மாடியில் நாற்பது சாடி வரை வைத்திருக்கிறேன். கறிமிளகாய், கொச்சி, இரண்டு வகைத் தக்காளி, கத்தரி, வெண்டி, வல்லாரை, கொஞ்சம் பூக்கன்று. சித்திரையில் விதை போட்டபோது ஐஸ்கிரீம் குச்சியில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி ஒவ்வொன்றிலும் குத்திவைத்தேன். வைகாசி மழை தொடங்கிக் கொஞ்ச நாளில் பாதிக் குச்சியில் எழுத்தே இல்லை, மற்றதெல்லாம் மண்ணுக்குள் உக்கி, பிடித்து இழுத்தால் முறிகிறது. கறிமிளகாய் என்று நினைத்து மச்சாளுக்கு ஐந்து கன்று கொடுத்தேன். காய்த்த பிறகு பார்த்தால் ஐந்தும் கொச்சி! அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள், உறைப்பே சாப்பிட மாட்டார்கள், எனக்குச் சரியான மனவருத்தம். கடையில் லேபல் வாங்கலாம்தான், ஆனால் வீட்டில் எறிகிற சாமானிலேயே செய்ய விருப்பம். மழையில் அழியாத பேனா ஏதாவது இருக்கிறதா?

தெஹிவளைத் தம்பி:
அக்கா, எழுத்தை அழித்தது மழை இல்லை, வெயில். மார்க்கர் மை தண்ணீருக்கு லேசில் அசையாது, ஆனால் அதில் உள்ள சாயம் வெயிலில் வெளுத்துப் போகும். நிழலில் நின்ற சாடிகளின் குச்சியைப் பாருங்கள், எழுத்து இன்னும் தெரியும் என்று நினைக்கிறேன். பேனாவை விட்டுவிட்டுப் பென்சிலுக்கு வாருங்கள். பென்சில் கரி காபன், எவ்வளவு வெயில் அடித்தாலும் அது வெளுக்காது. ஒரே சிக்கல், வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பென்சில் பிடிக்காது. அதனால் வெள்ளை மாஜரின் டப்பா மூடியைப் பட்டி பட்டியாக வெட்டி, ஒரு பக்கத்தைப் பளபளப்புப் போகும்வரை சாண்ட் பேப்பரால் தேய்த்து, 2பி பென்சிலால் அழுத்தி எழுதுங்கள். யோகட் கப் வேண்டாம், அது வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். பழைய ஜன்னல் பிளைண்ட்ஸ் கழற்றிப் போட்டது கிடைத்தால் அதைவிட நல்ல சாமான் இல்லை, என்னிடம் அப்படி வெட்டியது மூன்று வருடமாக அப்படியே வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.

கறிவேப்பிலை வீடு (கொட்டாஞ்சேனை):
பென்சில் நல்லதுதான், ஆனால் வருடக்கணக்கில் நிற்கிற கறிவேப்பிலை, தேசி, மல்லிகை மாதிரி மரங்களுக்கு நான் சோடா டின்தான் பாவிக்கிறேன். அதில் மையே இல்லை. ஏட்டில் எழுத்தாணியால் கீறுகிற மாதிரி, கீறல்தான் எழுத்து.

டின்னின் மேலையும் கீழையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டால் ஒரு தகடு வரும். அது சுருண்டு சுருண்டு வரும், மேசை விளிம்பில் வைத்து எதிர்ப்பக்கம் இழுத்தால் நேராகும். இரண்டரை சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டினால் எட்டுப் பட்டி எடுக்கலாம். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், ஆகவே இரண்டு பக்கத்தையும் ஒரு நெல்லளவு உள்ளே மடித்துத் தட்டிவிடுங்கள், இதை மட்டும் சோம்பலில் விடவே கூடாது. பிறகு நாலாக மடித்த பத்திரிகைக்கு மேல் வெள்ளிப் பக்கத்தை மேலே வைத்து, மை முடிந்த போல் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். கீழே பத்திரிகை மெத்தென்று இருப்பதால் எழுத்து நன்றாகப் பதியும். வெயிலில் சரித்துப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளமும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கொப்பில் தொங்கவிடலாம், ஆனால் இறுக்கிக் கட்டாதீர்கள், கொப்பு பருக்கும்போது கம்பி உள்ளே வெட்டும்.

ஓய்வுபெற்ற அன்ரி:
தங்கச்சி, எதில் எழுதுவது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் என்ன எழுதுவது என்று சொல்கிறேன். "தக்காளி" என்று எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை, காய்த்தால் அது தக்காளி என்று எல்லோருக்கும் தெரியும். "திலின" என்று இனத்தின் பெயரை எழுதுங்கள், மிளகாய் என்றால் "எம்ஐ-2", விதை போட்ட திகதியையும் சேர்த்து. எது நன்றாகக் காய்த்தது என்று அடுத்த போகத்துக்கு அதுதான் உதவும். நான் சாடியில் இலக்கம் மட்டும் போட்டு, மற்ற விபரத்தைக் கொப்பியில் எழுதுகிறேன். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைதான் தண்ணீர் ஊற்றுவாள், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, "7க்கும் 12க்கும் தினமும் ஊற்று" என்றால் போதும். நாற்றுத் தட்டுக்கு ஐஸ்கிரீம் குச்சியே தாராளம், அது நாலைந்து கிழமை வேலை, பென்சிலால் எழுதுங்கள், அவ்வளவுதான்.

மட்டக்குளி:
இரண்டு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். உடைந்த கூரை சீற்றுத் துண்டில் பெயின்ற் அடித்துப் பெயர் எழுதி வைப்பதைச் சிலர் செய்கிறார்கள். அது அஸ்பெஸ்டஸ், உடைக்கவோ தேய்க்கவோ கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் நஞ்சு. கை வைக்காதீர்கள். உடைந்த ஓடு, மண்சட்டித் துண்டு தாராளமாகப் பாவிக்கலாம். அடுத்தது, போத்தல் மூடி, கப் எதையும் நிமிர்த்தி வைக்காதீர்கள், கொழும்பு மழைக்கு அதில் தேங்குகிற தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும். கவிழ்த்து வையுங்கள். பச்சைச் சீமைக்கிளுவைத் தடியும் வேண்டாம், மழைக்கு அது வேர்விட்டுத் தளிர்க்கும்.

மாடித்தோட்டக்காரி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. தம்பி சொன்னது சரி, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நிழலில் நின்ற வல்லாரைக் குச்சியில் மட்டும் எழுத்து அப்படியே இருக்கிறது! இன்று பின்னேரம் இரண்டு டின் வெட்டி, இலக்கமும் திகதியும் கீறிவிட்டேன். விளிம்பையும் மடித்தேன். மச்சாளுக்குப் புதிதாகக் கறிமிளகாய் விதை போட்டிருக்கிறேன், அதற்கு முதல் பட்டி. ஆனால் எங்கள் மாடியில் இரும்புக் கம்பி கடல்காற்றுக்கு இரண்டு மாதத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும். செம்புக் கம்பி கொஞ்சமாக எங்கே வாங்கலாம்?

கறிவேப்பிலை வீடு (கொட்டாஞ்சேனை):
வாங்க வேண்டாம், வயரிங் வேலை செய்கிறவரிடம் மிச்சத் துண்டு வயர் கேளுங்கள், உள்ளே செம்புதான். ஆனால் மேலே உள்ள பிளாஸ்டிக்கை உரிக்காமல் அப்படியே கட்டுங்கள். உப்புக் காற்றில் செம்பும் அலுமினியமும் ஒன்றோடு ஒன்று பட்டால், ஓட்டையைச் சுற்றித் தகடு அரித்துப் போய்விடும்.