பைரோகுளோர்தானா? பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது?

வணக்கம். எங்கள் காட்பாடிப் பள்ளிக் கண்காட்சிக்கான கனிமப் பெட்டியில் ஒரு கல்லுக்கு மட்டும் பெயர் வைக்க முடியவில்லை. பைரோகுளோர் (நியோபியம் என்ற உலோகம் உள்ள ஒரு கனிமம்) என்று சந்தேகம்.

கிடைத்த இடம்: பழைய வட ஆற்காட்டில், திருப்பத்தூர் பக்கம் செவ்வாத்தூர். வெர்மிகுலைட்டுக்கு (மைக்கா போன்ற ஒரு கனிமம்) பேர்போன கார்பனடைட் (கார்பனேட் கனிமங்கள் மிகுந்த தீப்பாறை) பகுதி. மிளகு அளவு, கரும்பழுப்பு. எட்டு முகமும் முக்கோணம். ஆக, கனசதுரப் படிகத் தொகுதி. ஆனால் மேக்னடைட், ஸ்பினல், பைரோகுளோர் மூன்றுமே அப்படித்தான், வடிவம் கைகொடுக்காது.

காந்தம் இழுக்கவில்லை, ஆக மேக்னடைட் இல்லை. டைல்ஸின் பின்பக்கம் தேய்த்தால் வெளிர்பழுப்புக் கோடு. கத்தி லேசாகக் கீறுகிறது, ஸ்பினல் என்றால் கீறாது. பைரோகுளோரில் யுரேனியம் இருக்கலாம் என்று தனி டப்பாவில் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் கைக்குப் போகவில்லை.

சரி, பைரோகுளோர் என்றே வைத்தாலும், சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் 2010 பெயர்முறைப்படி அது ஒரு குழுவின் பெயர்; முழுப்பெயருக்கு நியோபியமா டாண்டலமா, கால்சியமா சோடியமா என்று தெரியவேண்டும். எங்களிடம் ஆய்வகம் இல்லை.

வேதிப் பகுப்பாய்வு இல்லாமல் சீட்டில் ‘பைரோகுளோர் குழு’ என்று எழுதினால் சரியாகுமா?