வருஷக் கடைசி வாரமும் வேத வாசிப்பும்: வீட்டாருக்கு ஏற்ற ஒழுங்கு எது?

மார்கழிப்பனி (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஜனவரி 1-இல் ஆதியாகமத்தைத் தொடங்குவோம், பிப்ரவரியில் லேவியராகமத்தோடு நின்றுவிடும். எங்கள் வீட்டில் இதுவே வழக்கமாகிவிட்டது. இந்தத் தடவை குடும்ப ஜெபத்தோடு சேர்த்து, வருஷம் முழுக்க நிற்கக்கூடிய ஓர் ஒழுங்கு வேண்டும். அம்மா பழைய மொழிபெயர்ப்புதான் வாசிப்பார். அண்ணி கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவர், அவர் கையில் திருவிவிலியம். எட்டாம் வகுப்புப் பையன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். இரவில் 15 நிமிடம்தான் கிடைக்கும். டிசம்பர் 31 வரை என்ன வாசிக்கலாம், ஜனவரியிலிருந்து எப்படிப் போகலாம்? பையன் கையில் வேதத்தோடு வேறு என்ன கொடுக்கலாம்?

ஏடுவாசகி

முதலில் கணக்கு. பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரம், புதிய ஏற்பாட்டில் 260, மொத்தம் 1,189. (திருவிவிலியத்தில், கத்தோலிக்கர் கூடுதலாக ஏற்கும் இணைத் திருமுறை நூல்கள் இதற்கு மேல் வரும்.) ஒரே வருஷத்தில் முடிக்க வாரநாளில் 3, ஞாயிற்றுக்கிழமை 5 என்று போக வேண்டும். அந்த வேகத்தில் ஆதியாகமத்தின் 50 அதிகாரமும் யாத்திராகமத்தின் 40-உம் ஜனவரிக்குள் முடியும். பிப்ரவரி பிறக்கும்போது கதை நின்று பலிமுறைகள் வந்துவிடும். புதுவருஷ உற்சாகம் தணிவதும் அதே சமயம்தான். ஆகவே நிற்பதற்குச் சோம்பலைக் குறை சொல்ல வேண்டாம், திட்டமே அங்கே பாரமாக இருக்கிறது.

குடும்பத்துக்கு என்றால் புதிய ஏற்பாடு மட்டும் போதும் என்பது என் உறுதியான கருத்து. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஓர் அதிகாரம். 52 வாரத்துக்குச் சரியாக 260. விட்டுப்போனதற்குச் சனிக்கிழமை இருக்கிறது. லூக்கா 1 (80 வசனம்), மத்தேயு 26 (75 வசனம்) போன்ற நீண்டவற்றையும் வெள்ளி, சனி என்று பிரித்துக்கொள்ளலாம்.

நான்கு சுவிசேஷத்தையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். அதே சம்பவம் திரும்பத் திரும்ப வரும்போது பிள்ளைகள் கவனம் சிதறும். 16 அதிகாரமே உள்ள மாற்கில் தொடங்கி, பேதுருவின் நிருபங்களுக்கு (கடிதங்களுக்கு) போங்கள். லூக்காவும் அப்போஸ்தலரும் தெயோப்பிலுவுக்கு எழுதப்பட்ட இரண்டு பாகங்கள், அவற்றைச் சேர்த்தே வாசியுங்கள். மத்தேயுவுக்குப் பின் எபிரெயர், யோவானுக்குப் பின் அவருடைய நிருபங்களும் வெளிப்படுத்தின விசேஷமும். பவுலின் நிருபங்களை இடையிடையே வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் பழைய ஏற்பாட்டைத் தனி வாசிப்பில் இரண்டு வருஷமாக விரித்துக்கொள்ளுங்கள். தினம் ஒன்று, ஞாயிறு மூன்று என்றால் 104 வாரத்தில் 936 வரும், 929-க்குத் தாராளம். லேவியராகமத்தை வரைபடம் வைத்துக்கொண்டு வாசித்தால் பயமில்லை: 1–7 பலிகள், 8–10 ஆசாரியர், 11–15 சுத்தம் அசுத்தம், 16 பாவநிவிர்த்தி நாள், 17–26 பரிசுத்த வாழ்வு, 27 பொருத்தனை (நேர்ந்துகொள்வது). பதினாறாம் அதிகாரம் வரும் நாளில் எபிரெயர் 9-ஐச் சேர்த்து வாசியுங்கள். அதுவரை வாசித்ததன் பொருள் அங்கே விளங்கும்.

இப்போதைக்கு: 25-ஆம் தேதி லூக்கா 2. 26 முதல் 29 வரை பிலிப்பியர், நான்கே அதிகாரம். 30-இல் சங்கீதம் 103. 31-ஆம் தேதி நடு இராத்திரி ஆராதனைக்குக் கிளம்புமுன் சங்கீதம் 90. இந்த ஏழு நாள் பழகிவிட்டால் ஜனவரி 1 புதுப் பாரமாக இராது.

ஞாயிறுபள்ளி

மேலே சொன்னதோடு வாசிக்கும் முறையையும் சேர்க்கிறேன். ஆளுக்கொரு வசனம் சுற்றி வாசிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பையன் தன் முறை எந்த வசனம் என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டிருப்பான், மற்றவர் வாசிப்பது காதில் ஏறாது. தடுமாறினால் வெட்கமும் சேரும். ஒருவர் ஒரு முழுப் பகுதியை வாசிக்கட்டும். பையனுக்கு ஐந்தாறு வசனம் மட்டும் மாலையிலேயே கொடுத்து இருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் தயக்கமின்றி வாசிப்பான்.

அதிகார எல்லையைக் கண்மூடி நம்ப வேண்டாம். அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டிலும், புதிய ஏற்பாட்டின் வசன எண் 1551-இலும் வந்தவை. ஏசாயா 53-இன் பாட்டு உண்மையில் 52:13-இல் தொடங்குகிறது. 1 கொரிந்தியர் 11:1 பத்தாம் அதிகாரத்தின் முடிவு.

இரண்டு மொழிபெயர்ப்பு இருப்பதை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் தம் பிரதியில் பின்தொடரட்டும். நூற்பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதி இரண்டு புத்தகத்திலும் வைத்துவிடுங்கள். யாத்திராகமம் விடுதலைப் பயணம் ஆகும், உபாகமம் இணைச் சட்டம், சங்கீதம் திருப்பாடல்கள், பிரசங்கி சபை உரையாளர், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். இல்லாவிட்டால் தினமும் இரண்டு நிமிடம் தேடலிலேயே போய்விடும்.

பழைய மொழிபெயர்ப்பில் பையன் தவறாகப் புரிந்துகொள்ளும் சொற்களுக்கு முன்கூட்டியே பொருள் சொல்லுங்கள். சங்கீதம் 119-இல் 'கற்பனைகள்' என்றால் கட்டளைகள். இன்றைய பொருளில் எடுத்தால் சங்கீதமே தலைகீழாகிவிடும். 'பரிதானம்' லஞ்சம். 'அந்தகாரம்' இருள்.

சாமக்காவல்

வாக்குத்தத்த அட்டை (புதுவருஷத்துக்கென்று சீட்டுப் போல எடுக்கும் வசன அட்டை) பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 31 இரவில் எல்லார் கையிலும் அதுதான் இருக்கும். வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டுமுன் அந்த முழு அதிகாரத்தையும், முன்னும் பின்னும் ஒவ்வோர் அதிகாரத்தையும் ஜனவரி முதல் வாரத்திலேயே வாசியுங்கள்.

எரேமியா 29:11 பலருக்கு வரும். அது எருசலேமிலிருந்து பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குப் போன கடிதத்தின் நடுவில் இருக்கிறது. ஐந்தாம் வசனம் முதல் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்கிறது. பத்தாம் வசனத்தில் 70 வருஷம் என்ற காலக்கெடு. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று எல்லாருக்கும் இனிக்கும்படி சொல்கிறான், அது பொய்யாகப் போகிறது. இவ்வளவும் வாசித்தவருக்கு அந்த வசனம் இன்னும் ஆழமாகவே ஆறுதல் தரும். 'இந்த வருஷம் உங்களுக்கு' என்று ஆரம்பிக்கும் கைப்பிரதிகளை எடைபோடவும் இந்த இரண்டு அதிகாரமே போதும்.

வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பது புதிதல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரிலுள்ள மொராவிய சபையார் 1731 முதல் ஆண்டுதோறும் தினவசன நூல் அச்சிடுகிறார்கள். அதில் பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டில் எடுக்கப்படும், புதிய ஏற்பாட்டு வசனமோ அதற்குப் பொருந்தத் தேர்ந்து வைக்கப்படும். வசனத்தை வசனத்தோடு வைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

மார்கழிப்பனி

மிக்க நன்றி. நாலைந்து நாள் விட்டுப்போனால், சனிக்கிழமைக்குள் அடங்காதே? புத்தகம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஏடுவாசகி

மூன்று நாளுக்கு மேல் விட்டால் பிடிக்க ஓடாதீர்கள். அன்றைய தேதியில் உள்ளதை வாசியுங்கள், விட்ட அதிகாரங்களைப் பின்னட்டையில் குறித்துவையுங்கள், ஏதாவது விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே இரவில் ஐந்து அதிகாரம் ஓட்டினால் எதுவும் மனதில் தங்காது. 1842-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் தினம் நான்கு அதிகாரத் திட்டத்தைத் தந்தபோதே அதன் ஆபத்துகளையும் எழுதிவைத்தார்: சடங்காகிவிடுதல், சுயநீதி, கவனமற்ற வாசிப்பு, சுமக்க முடியாத நுகம்.

ஞாயிறுபள்ளி

பையனுக்கு ஜான் பனியனின் 'மோட்ச பிரயாணம்' கொடுங்கள். முதல் பாகம் 1678-இல் வந்தது, இரண்டாம் பாகம் 1684-இல். தமிழ்ப் பிரதிகளில் சில சுருக்கப்பட்டவை, வாங்குமுன் இரண்டு பாகமும் உண்டா என்று பாருங்கள். வாரம் பத்துப் பக்கம் போதும். அவனுக்குத் தமிழ் வசப்பட்ட பிறகு, அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிக'த்தை (1894) காட்டலாம். ஐந்து பருவம், 3,700-க்கு மேற்பட்ட பாடல். முதலிலிருந்து போகாமல் அதிலேயே தேவாரம் என்ற பெயரில் அவர் பாடிய இசைப்பாடல்களில் தொடங்கினால் நாவில் ஒட்டிக்கொள்ளும்.

வேதக் கதைப் படப்புத்தகம் வாங்கினால் கடையிலேயே மூன்று இடத்தைத் திறந்து பாருங்கள். ஏதேனில் 'ஆப்பிள்' என்று இருக்கிறதா? ஆதியாகமம் 3 கனி என்று மட்டுமே சொல்கிறது. யோனாவை விழுங்கியது திமிங்கிலமா? யோனா 1:17-இல் பெரிய மீன்தான். இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் மாட்டுக்கொட்டிலில் நிற்கிறார்களா? மத்தேயு 2 எண்ணிக்கை தரவில்லை, 11-ஆம் வசனத்தில் அவர்கள் நுழைவது வீட்டுக்குள். மூன்றிலும் வேதவாக்கியத்தை ஒட்டி எழுதியிருந்தால் வாங்குங்கள். பிழை இருக்கும் புத்தகம் ஏற்கெனவே வீட்டில் இருந்தாலும் தூக்கிப்போட வேண்டாம். எது வேதத்தில் இல்லை என்று பையனையே தேடிப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள், 26-ஆம் தேதி மாலையிலேயே தொடங்கலாம்.